'வளர வளர சரியாயிடும்' எப்போது சரி, எப்போது தவறு? குழந்தைகள் சிறுநீரியல் மருத்துவர் செய்யும் வேலை என்ன?

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து வெளியே வரும் இளம் தம்பதியின் கையில் ஓர் அறிக்கை. குழந்தையின் இதயம் நார்மல், முதுகெலும்பு நார்மல், கை கால் நார்மல். கடைசியில் மட்டும் ஒரு வரி: இடது சிறுநீரகத்தில் லேசான வீக்கம், மறுபடியும் பார்க்க வேண்டும். அன்று இரவு கணவர் போனில் 'ஹைட்ரோநெப்ரோசிஸ்' என்று தேடினால், நாலாவது பக்கத்திலேயே கிட்னி ஃபெயிலியர் வந்து நிற்கிறது. மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. மாமியார் மட்டும் நிதானமாக, "அதெல்லாம் வளர வளர சரியாயிடும்மா" என்கிறார்.

பெரும்பாலான நேரங்களில் மாமியார் சொல்வது சரிதான். ஆனால் சில குழந்தைகளுக்கு அந்த ஒரு வார்த்தையே சிறுநீரகத்தைப் பறித்துவிடும். எந்தக் குழந்தை எந்த வகை என்று பிரித்துச் சொல்வதுதான் குழந்தைகள் சிறுநீரியல் மருத்துவரின் முக்கியமான வேலை. அறுவை சிகிச்சை அதற்குப் பிறகுதான்.

யார் இந்த மருத்துவர்?

சிறுநீரகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நெஃப்ராலஜிஸ்ட். சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேலையில் கோளாறு வந்தால், மருந்தும் டயாலிசிஸும் கொடுத்துப் பார்ப்பவர் அவர். சிறுநீர் உருவான பிறகு அது வெளியேறும் பாதையில் சிக்கல் என்றால் யூராலஜிஸ்ட். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பை, வெளியேறும் வழி, ஆண் குழந்தையின் ஆணுறுப்பு, விதைகள் எல்லாமே இவருடைய எல்லைக்குள் வரும்.

பெரியவர்களைப் பார்க்கும் யூராலஜிஸ்டிடம் வருபவர்களில் பலருக்குக் கல், புராஸ்டேட், புற்றுநோய் போன்ற பிரச்சினைகள் இருக்கும். குழந்தைகளிடம் கதை வேறு. இங்கே பெரும்பாலானவை கருவிலேயே உருவான அமைப்புக் கோளாறுகள். அதனால் இந்தியாவில் குழந்தைகள் அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். முடித்தவர்கள்தான் இந்த வேலையை அதிகம் செய்கிறார்கள். அவர்களில் சிலர் இதிலேயே மேற்கொண்டு தனிப் பயிற்சி எடுக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் பத்து வருடத்துக்கும் மேல் ஆகிவிடும்.

சிறுநீரகத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் 'நெஃப்ரான்'கள் இருக்கும். ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வடிகட்டிகள் இவை. கர்ப்பத்தின் 36-வது வாரத்தோடு இவை உருவாவது நின்றுவிடும். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாகாது. இருப்பவை அளவில் பெரிதாகும், அவ்வளவுதான்.

ஆக, அடைப்பாலோ கிருமித் தொற்றாலோ ஒரு பகுதி தழும்பாகிப் போனால், அது திரும்ப வராது. சிறுநீரகம் கெட்டுப்போவது வலிக்கவும் வலிக்காது. பாதி போன பிறகும் குழந்தை பால் குடிக்கும், சிரிக்கும், தவழும். 'பிள்ளை நல்லாத்தானே இருக்கு' என்று வீட்டில் நினைப்பதில் தப்பே இல்லை, வெளியே தெரிவதில்லை என்பதுதான் சிக்கல்.

கருவிலேயே வீக்கம்: காத்திருப்பதும் வைத்தியம்தான்

நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் ஸ்கேனில் இந்தச் சிறுநீரக வீக்கம் தெரிகிறது. லேசான வீக்கம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எந்த அறுவை சிகிச்சையும் தேவைப்படுவதில்லை. குழாய்கள் முதிர முதிர, வீக்கம் தானாக வடிந்துவிடும்.

ஆனால் 'காத்திருப்போம்' என்று மருத்துவர் சொன்னால் 'மறந்துவிடுங்கள்' என்று அர்த்தமில்லை. பிறந்த முதல் இரண்டு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே சுரக்கும். அப்போது ஸ்கேன் எடுத்தால் வீக்கம் இருந்தும் நார்மல் என்று காட்டலாம். அதனால் 48 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் வார முடிவில் ஸ்கேன் எடுப்பார்கள். அது நார்மலாகவே இருந்தாலும் சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். "முதல் ஸ்கேன்லயே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்று இரண்டாவது ஸ்கேனுக்கு வராமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

வீக்கம் கூடிக்கொண்டே போனால் அடுத்தது ஐசோடோப் ஸ்கேன். இரண்டு சிறுநீரகங்களும் வேலையைப் பாதிப் பாதியாகப் பங்குபோட்டுக்கொள்கின்றனவா என்று இதில் தெரியும். ஒரு பக்கத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழ் போனாலோ, முந்தைய ஸ்கேனைவிடக் குறைந்துகொண்டே வந்தாலோ காத்திருக்கும் காலம் முடிந்தது.

சிறுநீரகமும் குழாயும் சேரும் இடத்தில் உள்ள குறுகலை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல பகுதிகளை மறுபடி இணைப்பதற்கு 'பைலோபிளாஸ்டி' என்று பெயர். ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இருவர் 1949-ல் எழுதிய முறைதான் சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றும் நடக்கிறது. கைக்குழந்தையின் குழாய் சில மில்லிமீட்டர்தான். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலைமுடி அளவு மெல்லிய நூலில் தைப்பார்கள். உள்ளே ஒரு சிறு ஸ்டென்ட் வைத்து, சில வாரங்கள் கழித்து எடுத்துவிடுவார்கள். இந்த அறுவை சிகிச்சையின் வெற்றி விகிதம் 90 சதவீதத்துக்கும் மேல்.

காத்திருக்கவே கூடாத ஒன்று

ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வரும் ஒரு கோளாறு இருக்கிறது. சிறுநீர் வெளியேறும் வழியில், சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, மெல்லிய சவ்வு ஒன்று வால்வுபோல மறித்து நிற்கும். மருத்துவர்கள் 'பி.யு.வி.' என்பார்கள். பல ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் குழந்தைப் பருவத்திலேயே சிறுநீரகம் செயலிழப்பதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

கருவிலேயே சில அடையாளங்கள் தெரியலாம். இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கும், சிறுநீர்ப்பையின் சுவர் தடித்திருக்கும், பனிக்குட நீர் குறைவாக இருக்கும். கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அது குறைந்தால் நுரையீரல் வளர்ச்சியும் பாதிக்கும். இப்படிச் சந்தேகம் இருந்தால் குழந்தைகள் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வார்கள்.

பிறந்ததும் முதலில் சிறிய குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றுவார்கள். குழந்தையின் நிலை சீரானதும், பென்சிலைவிட மெல்லிய கேமராக் கருவியைச் சிறுநீர் வழியாகவே செலுத்தி அந்தச் சவ்வை நீக்கிவிடுவார்கள். வெளியே தழும்பே இருக்காது. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. கருவிலிருந்தே அடைப்பை எதிர்த்துப் போராடிய சிறுநீர்ப்பை இறுகிப்போயிருக்கும். அந்தப் பையன் கல்லூரிக்குப் போகும் வயதுவரை, அதற்குப் பிறகும்கூட, செக்கப் தொடரும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது எளிது. ஆண் குழந்தை சிறுநீர் கழிக்கும்போது தாரை வளைந்து தூரமாகப் போகிறதா, சொட்டுச் சொட்டாக விழுகிறதா? முக்கி முக்கிப் போகிறானா? எப்போதும் டயப்பர் லேசாக நனைந்தபடியே இருக்கிறதா? பாட்டி கவனித்துச் சொல்லும் இந்த விவரம் மருத்துவருக்குப் பெரிய உதவி.

காரணம் தெரியாத காய்ச்சல்

சளி இல்லை, இருமல் இல்லை, காய்ச்சல் மட்டும் கொதிக்கிறது. கைக்குழந்தைக்கு இப்படி வந்தால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். சிறுநீர்த் தொற்றின் ஒரே அறிகுறி அதுவாகவே இருக்கலாம். இங்கே ஒரு நுணுக்கம்: ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோலில் உள்ள கிருமிகளும் கலந்துவிடும். அதனால் கல்ச்சர் பரிசோதனைக்கு, குழந்தை போகும்போது நேராகப் புட்டியில் பிடிப்பதோ, மருத்துவமனையில் சிறு குழாய் வைத்து எடுப்பதோதான் நம்பகமானது. ஆன்டிபயாட்டிக் ஆரம்பிப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

திரும்பத் திரும்பத் தொற்று வந்தால், சிறுநீர் கீழிருந்து மேலே, சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகிறதா என்று பார்ப்பார்கள். இதற்கு 'ரிஃப்ளக்ஸ்' என்று பெயர். ஒன்று முதல் ஐந்து வரை நிலைகள் உண்டு. கீழ்நிலைகள் பெரும்பாலும் வளர வளரச் சரியாகிவிடும்.

அதுவரை தினமும் குறைந்த அளவு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதா? அமெரிக்காவில் 607 குழந்தைகளிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், இப்படிக் கொடுத்ததால் மறுபடி தொற்று வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் சிறுநீரகத் தழும்பு விழுவதில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் ஒரே ரிப்போர்ட்டோடு வரும் இரண்டு குழந்தைகளுக்கு மருத்துவர் வேறு வேறு முடிவு சொல்லக்கூடும். குழந்தையின் வயது, நிலை, மலச்சிக்கல், ஏற்கெனவே உள்ள தழும்பு எல்லாம் கணக்கில் வரும்.

கூச்சத்தால் தள்ளிப்போகும் பிரச்சினைகள்

ஆண் குழந்தைகளின் உறுப்பு தொடர்பான கோளாறுகளில் நோயைவிடக் கூச்சம்தான் பெரிய எதிரி.

விதை இறங்காமை: மாதம் நிறைந்து பிறக்கும் ஆண் குழந்தைகளில் சுமார் 3 சதவீதம் பேருக்கு ஒரு விதையோ இரண்டுமோ பைக்குள் இறங்கியிருக்காது. பலருக்கு முதல் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் இறங்கவில்லை என்றால் இனி இறங்காது என்று எடுத்துக்கொண்டு, ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும். தாமதித்தால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கலாம், விதைப் புற்றுநோய் அபாயமும் கூடும். வெந்நீரில் குளிப்பாட்டும்போது இறங்கி, குளிரில் மேலே ஏறிக்கொள்ளும் விதை வேறு ரகம். அதற்கு அறுவை சிகிச்சை வேண்டாம், வருடம் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஹைப்போஸ்பேடியாஸ்: சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் ஆணுறுப்பின் அடிப்பக்கத்தில் இருப்பது. 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் சரிசெய்வது நல்லது. குழந்தைக்கு நினைவும் இருக்காது. இவர்களுக்கு முன்கூட்டியே சுன்னத் செய்யக் கூடாது, துளையைச் சரிசெய்யும்போது முன்தோல் தேவைப்படலாம்.

பின்னே தள்ள முடியாத முன்தோல்: இது பெரும்பாலும் நோயே இல்லை. பிறக்கும்போது முன்தோல் ஒட்டித்தான் இருக்கும். வருடங்கள் போகப் போகத் தானாகப் பிரியும். "தினமும் எண்ணெய் தடவி இழுத்துவிடுங்க" என்ற அறிவுரைதான் கிழிந்து, தழும்பாகி, நிஜமான பிரச்சினையைக் கொண்டுவரும். அடிக்கடி தொற்று வந்தாலோ, நுனி வெளுத்து இறுகினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். பலருக்குக் களிம்பிலேயே சரியாகும்.

விதை முறுக்கிக்கொள்வது: நாட்கணக்கு, மாதக்கணக்கு எல்லாம் மாறி இங்கே மணிக்கணக்கு ஆகிறது. பெரும்பாலும் 12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு, திடீரென்று ஒரு பக்க விதையில் கடும் வலி வரும், கூடவே வாந்தி. விதைக்குப் போகும் ரத்தக் குழாய் முறுக்கிக்கொண்டதால் வருவது இது. ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப் போக விதை கருகிவிடும். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்லும் பையன், வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுக்கும் வீடு, 'காலையில் பார்த்துக்கலாம்' என்ற முடிவு. இப்படித்தான் அந்த ஆறு மணி நேரம் போகிறது. வளரும் பையனிடம் அப்பாவோ மாமாவோ ஒருமுறை சொல்லிவைத்தால் போதும்: "அங்க வலிச்சா, நடுராத்திரியா இருந்தாலும் எழுப்பிச் சொல்லுடா."

கத்தி எடுக்கக் கூடாத இடம்

சில குழந்தைகள் பிறக்கும்போது உறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. இங்கே ஹார்மோன், உப்புச் சத்துப் பரிசோதனைகள் உடனடித் தேவை. அட்ரீனல் சுரப்பிக் கோளாறாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் உறுப்பை ஆண்போலவோ பெண்போலவோ மாற்றும் அறுவை சிகிச்சைக்கு எந்த அவசரமும் இல்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, இடைப்பால் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை சிகிச்சை செய்வதைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் தடை செய்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டுமே விலக்கு. உடம்பு யாருடையதோ, முடிவும் அவருடையது. அதுவரை காத்திருப்பதுதான் மருத்துவம்.

படுக்கையை நனைப்பதும் பள்ளிக்கூட பாத்ரூமும்

இந்த மருத்துவரைத் தேடி வருபவர்களில் நிறைய பேருக்கு அறுவை சிகிச்சையே தேவையிருக்காது. ஐந்து வயதில் நூற்றில் சுமார் 15 குழந்தைகள் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். வருடா வருடம் அவர்களில் ஒரு பகுதியினர் தானாக நிறுத்திக்கொள்வார்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. அடிப்பதும், சித்தி பெரியம்மா முன்னால் சொல்லிச் சிரிப்பதும் குழந்தையைக் காயப்படுத்துமே தவிர, படுக்கை காயாது.

பகலில் உடையை நனைப்பது, ஓடி ஓடி பாத்ரூம் போவது, காலைப் பின்னி நின்று அடக்குவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை சுமார் 180 மில்லி கொள்ளும், ஒரு டம்ளர் அளவு. பள்ளி பாத்ரூம் அசுத்தமாக இருக்கிறது என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை அடக்கும் பிள்ளைக்குத் தொற்று வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மலச்சிக்கலும் சேர்ந்தால் நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் முதல் 'மருந்து' பல நேரம் இதுதான்: பகலில் போதுமான தண்ணீர், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பாத்ரூம், காய்கறி, பழம்.

முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கும் குழந்தைகளின் கதை இன்னும் கடினம். மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே தகவல் போகாது. பை நிறைந்து, அழுத்தம் கூடி, சிறுநீரகம் பழுதாகும். 1972-ல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லேபிடஸ் ஓர் எளிய வழியைச் சொன்னார். சுத்தமான மெல்லிய குழாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை செலுத்தி, சிறுநீரை எடுத்துவிட்டுக் குழாயையும் எடுத்துவிடுவது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், வீட்டிலேயே செய்யலாம். 1980-ல் பிரான்ஸின் பால் மித்ரோஃபனோஃப், குடல்வாலையே பாதையாக்கித் தொப்புள் பக்கமாகச் சிறுநீரை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். வீல்சேரில் இருக்கும் பிள்ளை அடுத்தவர் உதவி இல்லாமல் பள்ளிக்குப் போக இது வழி. கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் இந்தக் குறைபாட்டின் பெரும்பகுதியைத் தடுக்க முடியும். கர்ப்பம் உறுதியான பிறகு ஆரம்பிப்பது பல நேரம் தாமதம்.

எங்கே காட்டுவது?

முதலில் குழந்தை நல மருத்துவர். அவர் சொன்னால், குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது தனியார் மருத்துவமனை. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் 18 வயதுவரை உள்ள பிள்ளைகளை மருத்துவக் குழுக்கள் பரிசோதிக்கின்றன. செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறதா என்று அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: கர்ப்பகால ஸ்கேன் முதல் எல்லா ரிப்போர்ட்டும் தேதி வாரியாக, காய்ச்சல் வந்த நாட்கள், குழந்தை சிறுநீர் கழிக்கும் ஒரு சின்ன வீடியோ. பத்து வார்த்தையில் சொல்ல முடியாததை அந்த வீடியோ காட்டிவிடும். மருத்துவருக்கு மட்டும் காட்டுங்கள், பிறகு அழித்துவிடுங்கள்.

உடனே ஓட வேண்டியவை: விதையில் திடீர் வலி, சிறுநீரே வராமல் இருப்பது, கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல்.

சில வாரங்களுக்குள் காட்ட வேண்டியவை: சொட்டுச் சொட்டாகப் போகும் சிறுநீர் (இதில் தாமதம் வேண்டாம்), கருவில் தெரிந்த சிறுநீரக வீக்கம், இடம் மாறிய சிறுநீர்த் துளை, ஆறு மாதமாகியும் இறங்காத விதை.

பொறுத்துப் பார்க்கக்கூடியவை: தொந்தரவு தராத முன்தோல், ஐந்து வயதுக்குள் படுக்கை நனைப்பது.

ஸ்கேன் அறிக்கையோடு அந்தத் தம்பதி மருத்துவர் முன் உட்காரும்போது, அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்லம்மா, இது பெரும்பாலும் தானா சரியாயிடும்" என்றுதான் சொல்லப்போகிறார். மாமியார் சொன்ன அதே வார்த்தை. கூடவே ஒரு சீட்டில் அடுத்த ஸ்கேனுக்கான தேதியையும் எழுதிக் கொடுப்பார். அந்தத் தேதியைத் தவறவிடாமல் இருப்பதுதான் பெற்றோரின் வேலை.